காணிக்காரரும் ஆரோக்கியப் பச்சையும்

பொதிய மலை என்றவுடன் தமிழர் நெஞ்சில் தோன்றுவன அகத்தியர் பெயரும், தென்றலும், தாமிரபரணியும் ஆகும். இவை யாவும் மலையின் கீழைச் சரிவைச் சார்ந்தவை. 1,868 மீட்டர் உயர்ந்த அம்மலைக்கு மேலைச் சரிவு ஒன்றும் உண்டு. அங்கே பிறந்து, மேற்கு நோக்கி ஓடி, நெய்யாற்றின்கரையைத் தழுவிப் பூவாற்றின் அருகே கடலில் கலப்பது நெய்யாறு. களியக்காவிளையில் இன்றைய மாநில எல்லையைக் கடந்து பாறசாலை வழியாகச் செல்லும் ஒருவர், நெய்யாற்றின்கரையிலிருந்து வடகிழக்கே திரும்பினால் காட்டாக்கடையை அடைவார். காடும் கடையும் அடுத்தடுத்து நிற்கும் அப்பெயர் ஊருக்கு நன்கு பொருந்துகிறது. அதற்கு அப்பால் குற்றிச்சல். அதற்கும் அப்பால் கோட்டூர். கோட்டூரோடு வண்டிச்சாலை தளர்ந்து காடு தொடங்கிவிடுகிறது.

உடற்களைப்பை நீக்கும் உணவுகளைப் பற்றி இந்நாளில் பெரிதும் பேசப்படுகிறது. பாசியை உலர்த்தி வில்லைகளாக்கி விற்கின்றனர். வேரைப் பொடித்து விற்கின்றனர். அத்தகைய உணவுகளுள் ஒன்று இந்தக் கோட்டூர்க் காட்டிலிருந்து புறப்பட்டு உலகப் பேரவைகள் வரையிலும் சென்று வந்தது. அதன் வரலாற்றை நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். அது வெறும் மூலிகை வரலாறு அன்று. ஒரு மக்கள் கூட்டத்தார் தம் அறிவைப் பிறர்க்கு ஈந்தபோது அவர்க்குக் கிடைத்தது யாது, கிடையாதது யாது என்னும் வரலாறும் ஆகும்.

முதற்கண் அம்மக்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அவர்கள் காணிக்காரர் எனப்படுவர். சுருக்கமாகக் காணிகள் என்றும் கூறுவதுண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் அவர்தம் தொகை இருபதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டது. பெரும்பாலார் திருவனந்தபுரம் மாவட்டத்து மலைக்காடுகளில் வாழ்கின்றனர். தமிழகத்தில் பேச்சிப்பாறையைச் சூழ்ந்த காடுகளிலும், பாபநாசத்துக்கு மேலுள்ள முண்டந்துறைப் பகுதியிலும் அவர்தம் குடியிருப்புகள் உள்ளன. அவர்கள் பேசும் மொழியில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். ஒவ்வோர் ஊருக்கும் மூட்டுக்காணி என்னும் தலைவர் உண்டு. மருந்தும் மந்திரமும் அறிந்த பிலாத்தி என்பவரும் உண்டு. நோயுற்றவர்க்குச் சாற்றுப்பாட்டுப் பாடி இரவு முழுவதும் சடங்கு நிகழ்த்துவது பிலாத்தியின் கடமை. எந்த இலையை எந்த நோய்க்கு எப்போது பறித்தல் வேண்டும் என்னும் அறிவு பெரிதும் அவரிடத்தேயே தங்கியிருந்தது.

காணி என்னும் சொல்லை நேயர்கள் கவனிக்கவேண்டும். தமிழில் அது வழிவழி வந்த நிலவுரிமையைக் குறிக்கும். காணியாட்சி என்பது நம் கல்வெட்டுகளில் பயின்று வரும் தொடர். நிலத்துக்கு உரியவர் என்ற பொருளிலேயே இம்மக்களுக்கு அப்பெயர் அமைந்தது என்று, தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909-ஆம் ஆண்டில் பெருநூல் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன் குறித்துள்ளார். பெயரில் இருந்த இவ்வுரிமை ஏட்டில் நிலைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் அரசு காடுகளை ஒதுக்குக் காடுகள் ஆக்கிற்று. 1911-ஆம் ஆண்டில் மலைவாழ் மக்களை நடத்தும் முறை பற்றித் தனி விதிகள் வகுக்கப்பெற்றன. காணிக்காரர் காட்டினுள் வாழலாம். ஆயினும் காடு அரசுடையது என்பது அவற்றின் சாரம். எனினும் பழைய உறவு முற்றும் அறுந்துவிடவில்லை. ஓணத்தை ஒட்டிக் காணிக்காரர் தேனும் மூங்கிற் பொருள்களும் பிற மலைவளங்களும் சுமந்து திருவனந்தபுரத்துக் கவடியார் அரண்மனைக்குச் செல்வதும், அரச குடும்பத்தார் அவர்களை வரவேற்றுப் பரிசு வழங்குவதும் நெடுங்கால வழக்கம். மலையும் நாடும் தத்தம் பொருளைக் கொடுத்து வாங்கிய முறைக்கு அஃது ஓர் அடையாளம். அங்கே ஒப்பந்தம் இல்லை; கணக்கும் இல்லை.

இனி மூலிகைக்கு வருவோம்.

அகத்திய மலையில் ஏறிய அறிவியலார் பலர். ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு வானியலார், திருவிதாங்கூர் அரசின் பணியில் இருந்தபோது, 1855-ஆம் ஆண்டில் அம்முடியின்மேல் ஒரு நோக்ககத்தையே நிறுவினார். கருவிகளை அந்த உயரத்துக்குக் கொண்டுசெல்வது எளிய செயல் அன்று. அவருக்குப் பின் ஏறக்குறைய 130 ஆண்டுகள் கழித்து மற்றொரு குழு அம்மலைக்குச் சென்றது. மலைமக்களின் அறிவைத் தொகுப்பதற்காக நடுவண் அரசு 1982-ஆம் ஆண்டில் தொடங்கிய அகில இந்தியத் திட்டத்தைச் சேர்ந்தது அக்குழு. அதன் தலைவர் டாக்டர் பி. புஷ்பாங்கதன் என்னும் தாவரவியல் அறிஞர். 1987-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர்கள் காட்டுவழியே ஏறிச் சென்றனர். வழிகாட்டிகளாக உடன் சென்றவர்கள் காணிக்கார இளைஞர்கள்.

ஆய்வாளர் சிறிது தொலை சென்றதும் மூச்சு வாங்கி அமர்ந்தனர். சுமையும் சுமந்து முன்னே நடந்த காணிகளோ களைப்பின்றிக் காணப்பட்டனர். இடையிடையே ஏதோ சிறு காய்களை வாயிலிட்டு மென்றவண்ணம் இருந்தனர். ஆய்வாளருக்கும் அக்காய்களைக் கொடுத்தனர். அவற்றைத் தின்றதும் தமக்குப் புத்துணர்வு உண்டாயிற்று என்று அவர்கள் பின்னர் எழுதினார்கள். அது எந்தச் செடியின் காய் என்று வினவியபோது வழிகாட்டிகள் கூறவில்லை. அது தம் குலத்துக்கு உரிய மறைபொருள், வெளியார்க்கு உரைத்தல் கூடாது என்றனர். தகாத வழியில் பயன்படுத்தமாட்டோம் என்று ஆய்வாளர் உறுதி கூறி, நெடுநேரம் வேண்டிய பின்னரே செடியைக் காட்டினர். அதனைக் காட்டியவர்களுள் மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்போர் பெயர்கள் பின்னாளில் உலக அறிக்கைகளில் இடம்பெற்றன.

அச்செடி ஆரோக்கியப் பச்சை எனப்பட்டது. ஓரடிக்கும் தாழ்ந்த சிறு பூண்டு அது. ஒவ்வொரு மெல்லிய தண்டின் நுனியிலும் ஒரே இலை நிற்கும். அவ்விலை சில செடிகளில் இதயம் போன்றும், சிலவற்றில் முக்கோணம் போன்றும் இருக்கும். ஓடைக்கரைகளில், பெருமரங்களின் நிழலில், ஈர மண்ணில் வளரும். மண்ணை ஒட்டிச் செந்நீலச் சாயலுள்ள சிறு பூக்கள் பூக்கும். தாவர நூலார் இதனை நம் வள்ளிக்கிழங்கின் குடும்பத்தில் வைத்துள்ளனர். இலங்கையிலும் மலேயாத் தீபகற்பத்திலும் இதன் இனம் உண்டு. கேர்ட்னர் என்னும் ஜெர்மானியத் தாவரவியலார் 1788-ஆம் ஆண்டிலேயே இலங்கையின் பெயரால் அதற்குப் பெயரிட்டுவிட்டார். நம் மலைகளில் வளரும் வகைக்குத் திருவிதாங்கூரின் பெயர் சூட்டப்பெற்றுள்ளது. ஆகவே செடி அறிவியல் உலகுக்குப் புதியதன்று. ஏட்டில் பெயர் ஏறி இருநூறு ஆண்டுகள் ஆகியும் அதன் பயனை ஏடு அறியவில்லை. எழுத்தறியாத மலைமக்கள் அறிந்திருந்தனர்.

முதல் ஆய்வுகள் ஜம்முவில் இருந்த வட்டார ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தன. அவற்றின் முடிவுகளை வெளியிட்ட ஆய்வாளர்கள் அச்செடியைக் காணிகளின் ஜின்செங் என்று அழைத்தனர். சீனரும் கொரியரும் வலிமைக்காக உண்ணும் புகழ்பெற்ற வேரே ஜின்செங் என்பது. சாறு உண்ட எலிகளும் உண்ணாத எலிகளும் நீரில் நீந்துமாறு விடப்பெற்றன. சாறு உண்டவை கூடுதல் நேரம் நீந்தின. உழைக்கும் தசைகள் ஆற்றலைச் செலவிடும் முறையைப் பிற்கால ஆய்வுகள் ஆராய்ந்தன. இவை பெரும்பாலும் எலிகளின் மேல் நிகழ்ந்த சோதனைகளே என்பதை மறத்தல் ஆகாது. குருதிச்சோகையாலோ பிற நோயாலோ வரும் களைப்பைக் காட்டு இலை நீக்கும் என்று யாரும் மெய்ப்பிக்கவில்லை. அதற்கு மருத்துவரை அணுகுவதே முறை. மலையேறுவோரின் இளைப்பை ஆற்றுவதுதான் காணிகள் கண்ட பயன்.

1990-ஆம் ஆண்டில் புஷ்பாங்கதன், பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். அந்நிறுவனம் 1979-ஆம் ஆண்டில் தோன்றியது. இன்று அது நேருவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆரோக்கியப் பச்சையோடு அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகிய மூன்றையும் சேர்த்து அங்கே ஒரு மருந்து உருவாக்கப்பட்டது. அதற்கு ஜீவனி என்று பெயர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. காணிகள் உண்டது காய். ஆய்வகம் தேர்ந்தது இலை. காயைத் தொடர்ந்து பறித்தால் விதை அழியும். இலையைக் கொய்தாலோ செடி மீண்டும் தழைக்கும். நல்ல எண்ணத்தோடு செய்த மாற்றமே அது. ஆயினும் பின்னர் எழுந்த தொல்லைகளுக்கு அதுவும் ஒரு வித்தாயிற்று.

ஜீவனியின் வரலாற்றைத் தொடருமுன் வேறு நாடுகளைச் சற்று நோக்குவோம். களைப்பு நீக்கும் உணவு என்று இன்று கடைதோறும் விற்கப்படும் சுருள்பாசியின் கதையும் இவ்வாறே தொடங்கிற்று. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் மெக்சிகோ நாட்டை வென்றபோது, அங்குள்ள டெஸ்கோகோ ஏரியின் மேல் படரும் பாசியை மக்கள் வாரி உலர்த்தி அடைகளாக்கி விற்றதைக் கண்டனர். ஆப்பிரிக்காவில் சாடு ஏரிக்கரைப் பெண்கள் அதே இனப் பாசியை மணற்குழிகளில் உலர்த்தி, தீஹே என்ற பெயரால் சந்தையில் விற்றுவந்தனர். 1940-ஆம் ஆண்டில் தாஞ்சார் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனைக் குறித்தார், ஒருவரும் கவனிக்கவில்லை. 1960-களில் பெல்ஜிய நாட்டுத் தாவரவியலார் ழான் லெயோனார் சந்தையில் அதைக் கண்டு மீண்டும் எழுதினார். அதன்பின் ஆலைகள் எழுந்தன. நம் சென்னையிலும் முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தில் சி. வி. சேஷாத்திரி அதனைச் சிற்றூர்த் தொட்டிகளில் எளிய முறையில் வளர்க்கும் வழிகளை வகுத்தார். ஏழைக் குழந்தைகளின் ஊட்டக் குறைவே அவருடைய கவலை. இத்தனையிலும், ஏரிக்கரைப் பெண்களின் அறிவுக்கு விலை உண்டா என்று கேட்டவர் இல்லை. அக்காலத்தில் அந்தக் கேள்வியே பிறக்கவில்லை.

காணிகளின் வகையில் அந்தக் கேள்வி பிறந்தது. 1992-ஆம் ஆண்டில் ரியோ டி ஜெனீரோவில் உயிரினப் பன்மை பற்றி உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. மரபறிவு உடைய மக்களுக்கு அதன் பயனில் பங்கு வேண்டும் என்று அது கூறிற்று. இந்தியாவில் அதற்கெனச் சட்டம் வந்தது 2002-ஆம் ஆண்டில்தான். சட்டம் வருமுன்னரே பாலோட்டு நிறுவனம் செயலில் இறங்கிற்று. அதற்குரிய பெருமையை மறுத்தல் நேர்மையாகாது. 1995-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய ஃபார்மசிக்கு ஜீவனி செய்யும் உரிமம் ஏழாண்டுக்கு அளிக்கப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு வேறு. இவ்விரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது.

முடிவு செய்தாயிற்று, கொடுப்பது யாரிடம்? காணிகள் என்போர் சிதறிய பல குடியிருப்புகளில் வாழ்பவர். அவர் அனைவருக்கும் பொதுவாகக் கையொப்பமிட வல்லவர் ஒருவரும் இல்லை. வழிகாட்டிகள் குற்றிச்சல் பக்கத்தவர். விதுரை, பெரிங்கமலைப் பகுதிக் காணிகளைக் கலந்து எவரும் பேசவில்லை. 1995-ஆம் ஆண்டிலேயே பிலாத்திகள் ஒன்பதின்மர் கேரள முதலமைச்சருக்கு முறையீடு அனுப்பினர். தம் குலத்தின் அறிவைத் தனியார் நிறுவனத்துக்கு விற்பதை அவர்கள் எதிர்த்தனர். இந்த முறையீட்டை இவ்வரலாற்றின் தலையாய ஏடாகக் கருதுகிறேன். மருந்தறிவு எவரிடத்தே வழிவழியாகத் தங்கியிருந்ததோ அவரே கேளாது விடப்பட்டனர். இளைஞர் சொன்னது கூட்டத்தின் சொல் ஆகுமா, ஒருவர் அறிந்ததை எல்லார் பெயராலும் ஈந்துவிடலாமா என்பன அவர்கள் எழுப்பிய வினாக்கள். பொறாமையால் எழுந்த பூசல் என்று அவற்றை ஒதுக்குதல் எளிது. விடை கூறுதல் எளிதன்று.

பணத்தைப் பெறுவதற்காக 1997-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999-ஆம் ஆண்டில்தான் அதன் கணக்கில் முதல் தொகை ஏறிற்று. ஏறக்குறைய 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய். செடியைக் காட்டிய நாளுக்கும் இந்நாளுக்கும் இடையே பதினோர் ஆண்டுகள் கழிந்திருந்தன. முதலை வைப்பாக வைத்து வட்டியைச் செலவிடுவது என்று முறை வகுத்தனர். காட்டுப்பாதையில் நோயாளிகளையும் விளைபொருளையும் ஏற்றிச் செல்ல ஒரு ஜீப்பு வண்டி வாங்கப்பட்டது. சமுதாயக் கூடம் ஒன்றும் எழுந்தது.

இலையின் கதை இதனினும் இடர் மிக்கது. மருந்துக்கு இலை வேண்டும். இலை மாதந்தோறும் டன் கணக்கில் வேண்டும். ஆரோக்கியப் பச்சையோ காட்டு நிழலைவிட்டு நீங்கினால் தன் குணத்தை இழந்துவிடுகிறது என்று ஆய்வாளர் கண்டனர். ஆகவே 1994 முதல் 1996 வரை ஐம்பது காணிக் குடும்பங்கள் அளவில் தம் குடிசைகளைச் சூழ்ந்த நிலத்தில் அதனைப் பயிரிட்டன. ஏழைக் குடும்பங்களுக்குக் கைம்முதலாய் வாய்த்த முயற்சி அது. ஆனால் அந்த நிலம் ஒதுக்குக் காட்டின் நடுவில் இருந்தது. அரிய செடி, காட்டு விளைபொருள், அனுமதி இன்றி வெளியே செல்லலாகாது என்று வனத்துறை தடுத்தது. இலைக்குச் சந்தை உண்டென்று அறிந்த வெளியார் இரவோடிரவாகச் செடிகளை வேரோடு பறித்துச் செல்லத் தொடங்கியதும் அத்துறையின் அச்சத்தை மிகுவித்தது. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் விளைவு யாது? அறிவுக்கு உரியவர் என்று ஓர் அரசு நிறுவனம் ஏற்றுக்கொண்ட அதே மக்கள், தம் குடிசை ஓரத்தில் வளர்த்த இலையைக் கொய்தற்கு உரியவர் அல்லர் என்று மற்றோர் அரசுத் துறை கூறிற்று. காணி என்ற பெயர் தாங்கியவர்க்கு இது நேர்ந்தது.

உடன்படிக்கையை எழுதியவர்கள் சொல்லுக்கு விலை வைத்தார்கள். இலைக்கு உரிமை தேடவில்லை. நூற்றுக்கு 2 பங்கு போதுமா, 5 பங்கு வேண்டுமா என்று நாடெங்கும் வாதிட்டவர்களும் இதனைப் பெரிதாக எண்ணவில்லை. விற்பனைப் பங்கு என்பது ஆண்டுதோறும் அறக்கட்டளை வழியே வரும் சிறு தொகை. இலை விற்ற கூலியோ வாரந்தோறும் ஒவ்வொரு வீட்டு அடுப்புக்கும் சென்றிருக்கும். என் கருத்தில், காணிகள் இழந்தவற்றுள் பெரியது இதுவே.

வெளிநாடுகளில் புகழ் வளர்ந்தது. 2002-ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்க்கு மாநாட்டில் புஷ்பாங்கதனுக்கு ஐக்கிய நாடுகளின் நிலநடுக்கோட்டுப் பரிசு கிடைத்தது. காணி முறை என்ற பெயரால் பல நாட்டுச் சட்ட அறிஞர் அதனை ஆராய்ந்தனர். பயன் பங்கீடு பற்றி 2010-ஆம் ஆண்டில் ஜப்பானின் நகோயாவில் உலக நாடுகள் ஒரு தனி உடன்பாடு காணும் வரையிலும், அதற்கு முன்னோடி என்று எடுத்துக்காட்டப்பட்டவற்றுள் காட்டாக்கடைக் காட்டுச் செடியும் ஒன்று. இதற்கிடையே அமெரிக்க நிறுவனம் ஒன்று ஜீவனி என்ற பெயரைத் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்ய முனைந்த செய்தியும் வந்தது. பாலோட்டு நிறுவனம் இந்தியாவில் செய்முறைக் காப்புரிமை நாடியிருந்ததே அன்றிப் பிற நாடுகளில் நாடவில்லை. பெயருக்கும் காப்புத் தேடவில்லை.

இலை வரவு குன்றவே மருந்தும் குன்றிற்று. உரிமக் காலம் முடிந்தபின் அறக்கட்டளைக்கு வந்த தொகையும் வற்றிப்போயிற்று. காட்டாக்கடை 2014-ஆம் ஆண்டில் தனி வட்டத்தின் தலைநகராயிற்று, சாலைகள் விரிந்தன. கோட்டூர்க் காணிகளுக்கு இலையால் வந்த வாழ்வு என்று சுட்டிக்காட்ட அந்தக் கூடத்தையும் வண்டியையும் தவிர மிகுதி இல்லை.

எல்லையைப் பற்றியும் ஒரு சொல். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே கோடு விழுந்தது. அங்காடியில் அக்கோட்டை எளிதில் கடக்கலாம். காட்டில் அது காணிகளை இரு அரசுகளுக்கு உட்பட்டவர் ஆக்கிற்று. அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கென அமைந்தது. பேச்சிப்பாறையிலும் முண்டந்துறையிலும் வாழும் உறவினரின் முன்னோர்க்கு இம்மலையின் செடிகொடிகளைப் பற்றிய அறிவு இல்லை என்று எவரும் கூறியதில்லை. அவர்களைக் கேட்கவேண்டும் என்று கூறியவரும் இல்லை.

2006-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றிற்று. காட்டில் வழிவழியாக வாழும் மக்கள் தாம் தொன்றுதொட்டுத் திரட்டிவந்த சிறு வன விளைபொருளுக்கு உடைமையாளர் என்று அச்சட்டம் கூறுகிறது. இலையும் அதனுள் அடங்கும். அச்சட்டம் பிறந்தபோது கோட்டூர்க் காணிகளின் பெயரால் எழுதப்பட்ட முதல் உரிமத்தின் ஏழாண்டுகள் கழிந்து போயிருந்தன.